கறுப்புப் பாவாடையும் துரையின் படமும்

ஐயா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மாட்டேன். காலையில்தான் போனில் பேசினோம். பேசினோம் என்று பெயர்தான். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்து, "என்னம்மா, என்ன ஆச்சு?" என்கிறாய். ஒன்றும் ஆகவில்லை, கறிவேப்பிலைச் செடி மறுபடி துளிர்த்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் அடித்தேன் என்றால் ஒரு பெருமூச்சு விடுகிறாய். அந்த மூச்சைக் கேட்ட பிறகு நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். சாஆ ஊருக்குப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. ஸ்டெல்லாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படி. நீ கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குத் தெரியக் கூடாதது இதில் ஒன்றும் இல்லை. அவளுக்காகவே உனக்குத் தெரிந்த சிலதையும் மறுபடி எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ யோங் பெங்குக்கு வந்தபோது இரண்டு விஷயம் சொன்னாய். கல்யாணம் முடிந்ததும் நான் இந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜொகூர் பாருவுக்கு உங்களோடு வந்துவிட வேண்டும், மீன் தொட்டியை மீன்கடைக்கே கொடுத்துவிடலாம் என்றாய். அப்புறம், அலமாரிக்கு மேலே கிடக்கிற கேமரா பையை யாராவது கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுங்கள் என்றாய். இரண்டையும் தோசையைப் பிட்டுக்கொண்டே, தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னாய். அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதமும் நீ எப்போது வந்தாலும் அந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டுத்தான் உட்காருகிறாய். நான் பார்க்காமல் இல்லை. துரையும் பார்க்கிறது. நீ சாப்பிட்டு முடிக்கிறவரை கண்ணாடி ஓரமாக வந்து உன் பிடரியையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

துரை நம் வீட்டு ஆஸ்கார் மீன். ஸ்டெல்லா, நீ பார்த்திருக்கிறாய், ஆனால் அதற்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று இவன் சொல்லியிருக்க மாட்டான். வந்தபோது அது என் கட்டைவிரல் அளவுதான் இருந்தது. இவன் அப்போதுதான் இடைநிலைப்பள்ளிக்குப் போக ஆரம்பித்திருந்தான். இவன் அப்பா செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனிதர், மானேஜர் துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நின்ற தகப்பனுக்குப் பிறந்தவர். இந்த மீன் உள்ளங்கை அளவு வளர்ந்ததும் தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக, யாரையும் மதிக்காமல், ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு போகும். "அடியே, இங்க பாரு! கையப் பின்னால கட்டிக்கிட்டு மர நிரை பாக்க வர்ற தொர மாதிரியே வருது!" என்று சிரித்தார். அன்றிலிருந்து நான் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தால்கூட, "எந்திரி எந்திரி, தொர வர்றாரு" என்று கேலி செய்வார்.

படம் எடுக்க ஆரம்பித்தது பெருமையடிக்கத்தான். மற்ற லோரிக்காரர்களிடம் துரையைக் காட்ட வேண்டும். கூட வேலை செய்தவர் ஒருவர் தன் பழைய கேமராவை அப்பாவிடம் கொடுத்தார், அது நேராக உன் கைக்கு வந்தது, ஐயா. நீ எடுத்த முதல் படம் ஞாபகம் இருக்கிறதா? பளிச்சென்று கேமரா விளக்கு அடித்தது. துரை பயந்து துள்ளி மூடியில் தலையை இடித்துக்கொண்டது. படத்தில் பாதிக் கண்ணாடி வெள்ளையாக வெடித்திருந்தது. மிச்சத்தில் மீன் இருந்தது, மீன் வயிற்றில் நம் டிவி தெரிந்தது. அந்த டிவியில் என் சீரியல் நாயகி தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "என்னடா இது, தொரைக்குள்ள ஒரு பொம்பள அழுவுறா?" என்று அப்பா கேட்டதும் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதற்குப் பிறகு எனக்குத்தான் சிரிப்பு போய்விட்டது. டிவியை நிறுத்து, முன்னறை விளக்கை நிறுத்து, திரையை இழுத்து மூடு, தொட்டி விளக்கு மட்டும் எரியட்டும் என்று அப்பாவும் மகனும் சட்டம் போட்டீர்கள். மீன் படம் எடுக்கிற வீட்டில் பெண்பிள்ளைக்கு சீரியல் கிடையாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கண்ணாடியை நானும் துடைத்து உதவலாம் என்று ஒருநாள் பாத்திரம் கழுவுகிற சோப்பைப் போட்டுத் துடைத்துவிட்டேன். அப்பா வாயில் வந்த வசவை எழுத முடியாது. நாள் முழுக்க வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினார். அந்தத் தண்ணீரில் ஒரு வாளியைக்கூட கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்ற விடவில்லை.

எல்லா விளக்கையும் நிறுத்தினாலும் உன் முகமும் கேமராவும் கண்ணாடியில் விழுந்துகொண்டே இருந்தன. கறுப்புத் துணி வேண்டும், நடுவில் ஓட்டை போட்டு லென்ஸை நுழைத்து, மிச்சத்தைக் கண்ணாடிமேல் விரித்துப் பிடிக்க வேண்டும் என்றாய். நம் வீட்டில் கறுப்புத் துணிக்கு எங்கே போவது? அப்போதுதான் அப்பாவுக்கு என் பாவாடை ஞாபகம் வந்தது. அதற்கு முந்தைய தீபாவளிக்கு, கடை வெளிச்சத்தில் கருநீலம் என்று நம்பி அவரே எனக்கு ஒரு சேலையும் அதற்குத் தோதாகப் பாவாடையும் எடுத்து வந்திருந்தார். வீட்டு வெளிச்சத்தில் பார்த்தால் அட்டைக் கறுப்பு. "நல்ல நாளும் அதுவுமா கறுப்பா கட்டுவாங்க?" என்று நான் சத்தம் போட்டதில் சேலை கடைக்கே திரும்பிப் போனது. பாவாடையைக் கடைக்காரன் வாங்க மாட்டேன் என்றுவிட்டான். அது பெட்டியில் அப்படியே கிடந்தது. அதை எடுத்து வந்து, "ஓட்ட போட வேணாண்டா. நாடா வச்சே தச்சிருக்கான் பாரு" என்று இடுப்பு நாடாவை லென்ஸில் சுற்றி இறுக்கிக் கட்டினார். கச்சிதமாக நின்றது. பாவாடைக் கீழ்ப்பக்கத்தை இரண்டு கையாலும் விரித்துக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு எத்தனை வருஷம் உங்கள் இருவரையும் அப்படியே பார்த்திருக்கிறேன்! நீ குனிந்து கேமராவுக்குள் கண்ணை விட்டுக்கொண்டிருப்பாய். அவர் உன் தலைக்கு மேலாகக் கையை விரித்து, பெண்டாட்டி பாவாடையைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்பார்.

கோலாலம்பூர் அக்குவேரியத்துக்கு முதல்முதலாக மூன்று பேரும் பஸ்ஸில் போனோமே, அதை ஸ்டெல்லாவுக்குச் சொல்லியே ஆக வேண்டும். வாரநாளில், கதவு திறக்கிற நேரத்துக்கே போய் நின்றோம். கூட்டம் வருவதற்கு முன்னால் போனால்தான் கண்ணாடியில் கைரேகை இருக்காது என்பது அப்பாவின் கணக்கு. அப்படியும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் முந்திக்கொண்டது. ஐஸ்கிரீம் கையோடு கண்ணாடி முழுக்க அப்பிவைத்தார்கள். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒவ்வொரு கண்ணாடியாகத் துடைத்துக்கொண்டே உனக்கு முன்னால் போனார். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அவரை வேலைக்காரர் என்று நினைத்துக் கழிவறை எங்கே என்று கேட்டாள். இவர் கூச்சமே படாமல் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தார். பெரிய தொட்டி முன்னால் நீங்கள் பாவாடையை விரித்ததும் காவலுக்கு நின்ற ஜாகா வந்துவிட்டான், நம் தமிழ்ப் பையன்.

"அண்ணே, என்ன துணி இது?"

"புரொபஷனல் சாமான் தம்பி. வெளிச்சம் தடுக்கறதுக்கு."

அவன் குனிந்து பார்த்தான். "புரொபஷனல் சாமானுக்கு ஓரத்துல லேஸ் வச்சிருக்கு?"

"லேஸ் இருந்தாத்தான் மீனு கிட்ட வரும் லா."

நான் அதற்குள் ஜெல்லி மீன் இருக்கிற அறைக்கு ஓடிவிட்டேன். இவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது என்கிற மாதிரி நின்றேன். ஜெல்லி மீன்களைப் பார்த்துக்கொண்டே வாயைப் பொத்திச் சிரித்தது யாருக்கும் தெரியாது.

அன்றைக்குத்தான் அந்தப் போன் விஷயமும் நடந்தது. ஒரு பெரிய திருக்கை மணலைவிட்டு எழும்புவதற்காக நீ வெகுநேரம் காத்திருந்தாய். அது எழும்பி, வெள்ளை வயிற்றைக் காட்டித் திரும்புகிற அந்த நொடியில் உன் சட்டைப்பையில் போன் அடித்து வெளிச்சம் போட்டது. படம் முழுக்க அந்த வெளிச்சம் விழுந்துவிட்டது. உன் கண் கலங்கிவிட்டது. அப்பா உன் தோளைத் தட்டி, "கண்ணாடி முன்னால நிக்கறப்ப போன ஆஃப் பண்ணிரணும், ஐயா. கூப்புட்டவன் எங்கயும் ஓடிப் போயிர மாட்டான். மீனுதான் போயிரும்" என்றார். அதற்குப் பிறகு நீ ஒருநாளும் தவறியதில்லை. தொட்டி முன்னால் நிற்பதற்கு முன்னால் போனை நிறுத்துவாய். சாமி கும்பிடப் போகிறவன் செருப்பைக் கழற்றுகிற மாதிரி.

இனி நீ படிக்க விரும்பாததை எழுதப் போகிறேன். "அன்னைக்கு" என்று நான் வாயெடுத்தாலே, "அம்மா, வேணாம்மா" என்று எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறாய். கடிதம் உன்னைத் துரத்தாது. மடித்து வைத்துவிட்டு அப்புறம் எடுத்துப் படித்தாலும் சரி, ஆனால் படித்துவிடு.

அன்றைக்கும் நீங்கள் இருவரும் சேர்ந்தே கோலாலம்பூருக்குப் போவதாகத்தான் இருந்தது. காலையில் பசியாறிவிட்டு, "நெஞ்சுல காத்து புடிச்ச மாதிரி இருக்கு. நீ போய்ட்டு வா, டிக்கெட் எடுத்தாச்சு" என்றார். நீ ஒரு காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு தயங்கி நின்றாய். "போப்பா, நான் கஷாயம் வச்சுக் குடுக்கறேன்" என்று உன்னை அனுப்பியது நான்தான். மதியம் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. பக்கத்து வீட்டு ரோஸ் அக்கா தன் காடியை எடுத்தார். பத்து பகாட் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் பின்சீட்டில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உனக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். அவர் கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தார்.

"யாருக்கு அடிக்கற?"

"பையனுக்குத்தாங்க. எடுக்கவே மாட்டேங்கறான்."

"எடுக்க மாட்டான். ஆஃப் பண்ணிருப்பான். நாந்தான சொல்லிக் குடுத்தேன்." அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வலியில் வருகிற முகம் எனக்குத் தெரியும், இது அது இல்லை. நீ லைசன்ஸ் எடுத்து வந்த அன்று இருந்த மாதிரி இருந்தது. கொஞ்சம் பொறுத்து, "பாவாடைய எடுத்துட்டுப் போனானா?" என்று கேட்டார்.

நான் காலையில்தான் அதைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். பையை எப்போதும் அவர்தான் கட்டிவைப்பார், அன்றைக்குக் கட்டவில்லை. நீ அதை மறந்துவிட்டுப் போனது எனக்குத் தெரியும். "எடுத்துட்டுத்தான் போனான்" என்றேன்.

"அப்ப படம் நல்லா வரும்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

இவ்வளவுதான் ஐயா. ஆஸ்பத்திரிக்கு நீ வந்து சேர்ந்தபோது, "நான் போன ஆஃப்..." என்று ஆரம்பித்து அந்த வார்த்தையை நீ இன்னும் முடிக்கவில்லை. அன்றிலிருந்து போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாயாம். கோயிலில் அர்ச்சனை நடக்கும்போதும் கையில் வைத்திருக்கிறாய். ஸ்டெல்லா சினிமாவுக்குக் கூப்பிட்டால் அங்கே போனை நிறுத்தச் சொல்வார்கள் என்று வரமாட்டேன் என்கிறாயாம். எனக்கு நீ தேவைப்பட்டாய் என்பதை மறைக்க மாட்டேன். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் ரோஸ் அக்கா தோளில் சாய்ந்து அழுதபோது இது என் பிள்ளையின் தோளாக இருக்கக் கூடாதா என்று இருந்தது. ஆனால் அவருக்கு நீ எங்கே என்ற தவிப்பு இல்லை. நீ எங்கே நிற்கிறாய், எதன் முன்னால் எப்படிக் குனிந்து நிற்கிறாய் என்று தன் கண்ணால் பார்க்கிற மாதிரி தெரிந்திருந்தது. அந்த நிம்மதியோடு போனார். பக்கத்தில் இருந்து பார்த்தவள் சொல்கிறேன், நம்பு.

இன்னொன்றும் இருக்கிறது. நேற்று ஸ்டெல்லா கல்யாணச் சேலைக்கு ரவிக்கை அளவு எடுக்க வந்திருந்தாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, கேமரா பையை இறக்கச் சொன்னது நான். "அத்தை, நாமளே தொரையப் படம் புடிச்சு அவருக்கு அனுப்பிருவோமா?" என்றாள். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றினோம். உங்கள் சட்டத்தை எல்லாம் நான் ஒப்பித்தேன். டிவி நிறுத்து, திரை மூடு, பம்பைக் கொஞ்சநேரம் நிறுத்தித் தூசி அடங்கட்டும், கண்ணாடிக்கு நேராகப் பிடி, சாய்த்துப் பிடிக்காதே, மீன் கண்ணைப் பார்த்துப் பிடி. எல்லாம் செய்தும் அவள் எதையோ அழுத்தி விளக்கை அடித்துவிட்டாள். துரைக்கு வந்த கோபத்தில் வாலால் ஒரு அடி! அவளுடைய புதுச் சட்டை நனைந்துவிட்டது. "அலமாக்! அத்தை, உங்க தொரைக்கு என்னப் புடிக்கல!" என்று கத்தினாள். இந்த வீட்டில் எட்டு மாதம் கழித்து நான் சிரித்தேன்.

அப்போது எதையோ அழுத்தப்போய்ப் பழைய படங்கள் வந்தன. கடைசியாக இருந்தவை நீ அன்றைக்கு எடுத்தவை. நீ அவற்றைப் பார்க்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். பாவாடை இல்லாததால் எல்லாப் படத்திலும் கண்ணாடியில் உன் முகம்தான் விழுந்திருக்கிறது. திருக்கை பின்னால் மங்கலாக ஏதோ சாம்பல் துணி மாதிரி தெரிகிறது. அதன்மேல் நீ. ஒரு படத்தில் கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்திருக்கிறாய், வாயைப் பிளந்துகொண்டு, கண் இரண்டும் விரிந்து, லோரியில் முன்சீட்டில் முதல்முதலாக உன்னை ஏற்றிவைத்தபோது இருந்த அதே முகம். ஸ்டெல்லா கேமராவைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். அப்புறம், "அத்தை, இவர் இப்படி சிரிச்சு எவ்வளவு நாளாச்சு" என்றாள். படத்தின் கீழே நேரம் இருந்தது, அவள்தான் படித்துச் சொன்னாள். அந்த நேரத்தில் நாங்கள் காடியில் போய்க்கொண்டிருந்தோம்.

அந்த முகத்தைப் பார்த்தால் நீ வெட்கப்படுவாய், அப்பா அங்கே அப்படிக் கிடக்கும்போது நான் இங்கே இப்படிச் சிரித்தேனே என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை ஐயா. அவர் மனதில் உன்னை எப்படி நினைத்துக்கொண்டு போனாரோ, நீ அப்படியே இருந்திருக்கிறாய். நான் சொன்ன பொய்யைக் கேட்டு, படம் நல்லா வரும் என்று சொன்னார். நல்லாத்தான் வந்திருக்கிறது. அதைப் பெரிதாகப் போட்டுத் தரச் சொல்லி ஸ்டெல்லாவிடம் கேட்டிருக்கிறேன். அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டப் போகிறேன்.

புத்தி சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ஸ்டெல்லா சட்டென்று பேசிவிடுகிற பெண், மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. அவள் மாதாகோவிலுக்குப் போனால் நீயும் கூடப் போய் உட்கார். அவள் வீட்டார் செய்கிற முறையில் உனக்குப் புரியாதது இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள். ஒன்று மட்டும் செய்யாதே. துக்கம் வந்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவளுக்கு முதுகைக் காட்டாதே. இந்த எட்டு மாதம் எனக்கும் துரைக்கும் நீ காட்டியது போதும். எங்களுக்குப் பழகிவிட்டது, அவள் சின்னப் பெண், தாங்க மாட்டாள். நீ அப்பாவை இழந்த மாதிரி நான் கணவனை இழந்தவள், எனக்கும் அவரைப் பற்றிப் பேச ஆள் வேண்டும். நீயும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டால் நான் மீனிடம்தானே பேச வேண்டியிருக்கிறது.

ஜொகூர் பாருவுக்கு இப்போது வரமாட்டேன். துரை இருக்கிறவரை நான் இங்கேதான். நீங்கள் புதுசாகக் குடித்தனம் பண்ணுங்கள், நான் வந்து வந்து போகிறேன். துரைக்கும் வயதாகிவிட்டது. இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது. வலது கண் இன்னும் நன்றாக இருக்கிறது, சிவப்பு வளையத்தோடு. துடுப்புச் செட்டைகளை எல்லாம் விரித்து, பக்கவாட்டில் முழுசாகத் துரை நிற்கிற மாதிரி ஒரு படம் முன்னறையில் மாட்ட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. நீங்கள் எத்தனையோ தரம் முயன்றும் அது திரும்பிக்கொண்டே போனது. இப்போது அது அவ்வளவு வேகமாகத் திரும்புவதில்லை. வலது பக்கமாக வரும்போது எடுத்துவிடலாம்.

வருகிற சனிக்கிழமை வா. கண்ணாடியை வெறும் தண்ணீரில் துடைத்து வைக்கிறேன், சோப்பு போட மாட்டேன். பாவாடையில் பழைய நாடா நைந்துவிட்டது, நேற்றே புதுசு கோத்துவிட்டேன். லேஸை எடுக்கவில்லை. அப்பா அளவுக்கு எனக்குக் கை எட்டாது, ஸ்டூல் போட்டு ஏறி நின்று பிடிக்கிறேன். நீ கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வா. கல்யாண மாப்பிள்ளை கறுப்பு போடலாமா என்று யாராவது கேட்டால், மீன் படம் எடுக்கப் போகிறேன் என்று சொல். தொட்டி முன்னால் வந்து நின்றதும் போனை ஆஃப் பண்ணிவிடு. பயப்படாதே. உன்னைக் கூப்பிடப் போகிறவள் நான்தான், உன் தலைக்கு மேலே பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

அம்மா